பெட்டிக்கு அடியில் ஒரு தெரு

ஜனவரி 9

அன்புள்ள ஸ்கேலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ வரைந்த மேப் உள்ள புத்தகம் வந்து சேர்ந்தது. "விரிகுடா: நிலமும் வரலாறும்" என்று பொன் எழுத்து, உள்ளே வழவழவென்று தாள். துறைமுக அலுவலகம் போட்ட புத்தகம் என்றால் சும்மாவா? கையைக் கழுவிவிட்டுத்தான் பிரித்தேன். மிதவைப் பட்டறையில் துரு சுரண்டுகிறவன் கை. எதைத் தொட்டாலும் அதற்கு வயதாகிவிடும்.

அப்படியே தனியாக உட்கார்ந்து பார்த்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும். நான்தான் தெருவுக்கே அழைப்பு விட்டேனே. "என் பொண்ணு வரைஞ்ச மேப்பு, வந்து பாருங்க!" உன் ஐஸ் அத்தை ஐஸ் கொட்டகையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தாள். அவள் அந்தக் கொட்டகையைக் கல்யாண வீட்டுக்குக்கூடப் பூட்டியதில்லை. உங்கம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

நம் விரிகுடா ஒரு காது மாதிரி என்று நான் சொல்ல, நீ சின்னதில் ஸ்கேலும் கையுமாக நோட்டில் வரைவாயே, அதே காது. மேல் வளைவில் அலைத்தடுப்புச் சுவர், கிரேன்கள், அதிகாரிகள் குடியிருப்பு. நடுவில் ஆறு வந்து சேறு கொட்டுகிற வாய். வளைவெல்லாம் அச்சு அசல். வாய்விட்டு "சபாஷ்" என்றேன். அதற்குப் பிறகு கண் கீழே இறங்கியது. காதில் தோடு போடுகிற இடத்தில்தானே நம் தெரு? அங்கே ஒரு பெட்டி. முக்கோணம் போட்டால் கலங்கரை விளக்கம், கறுப்புக் கட்டம் என்றால் கட்டடம், புள்ளி வைத்தால் மணல் திட்டு என்று விளக்கம் எழுதிய பெட்டி. வடக்கைக் காட்ட ஓர் அம்பு வேறு.

"அண்ணே, நம்ம வீடு எங்க?" என்றாள் ஐஸ் அத்தை.

"இந்தப் பெட்டிக்கு அடியில."

"அடியிலன்னா? தூக்கிப் பாக்கலாமா?"

சொன்னதோடு நிற்காமல் நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். குடும்பத் தொழில், விடுமா?

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூலையில் பார்த்தால் "வரைந்தவர்" என்று உன் பெயர். அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

மேப்தான் அப்படி என்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பாடம் அதற்கு மேல். "இந்த விரிகுடாவின் வரலாறு வடக்கு அலைத்தடுப்புச் சுவரிலிருந்து தொடங்குகிறது." அதுவரைக்கும் விரிகுடா யார் வயிற்றில் இருந்ததாம்? வட காற்றுக்குப் பயந்து கப்பலெல்லாம் நம் மூலையில்தான் வந்து ஒதுங்கின. கயிறு உரசி உரசிக் கழுத்துத் தேய்ந்த கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. நீ அதன்மேல் உட்கார்ந்துதானே வாய்ப்பாடு படித்தாய்? சுவர் கட்டினார்கள், நீரோட்டம் திரும்பியது, ஆற்றுச் சேறெல்லாம் நம் பக்கம் படிந்தது, கப்பல் வருவது நின்றது. நம் பக்கத்தைக் கெடுத்தவர்களே இப்போது அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் இதற்குக் கோபப்பட எட்டாவது போதும்.

பெட்டியை ஏன் அங்கே வைத்தாய்? பதில் எழுது.

அப்பா

(புத்தகத்தை ஷோகேஸில் வைக்கச் சொன்னாள் உங்கம்மா. வைத்திருக்கிறேன், முதுகைக் காட்டி.)


ஜனவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வரைபட ஆபீஸில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரி "வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

அப்பா, எந்த மேப்பிலும் குறிப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அது எங்கேயாவது உட்கார்ந்தே ஆக வேண்டும். எது குறைவாக மறையுமோ அங்கே வைப்பதுதான் முறை. விரிகுடாவுக்கு நடுவில் வைத்தால் கப்பல் வரும் பாதை மறையும். ஆற்று வாயில் வைத்தால் ஆழக் கணக்கு மறையும். வெளிக்கடலில் வைக்கலாம் என்றால் தாள் அதற்குள் முடிந்துவிடுகிறது. புத்தகத்தின் அளவு அவ்வளவுதான். மிச்சம் இருந்தது தெற்கு மூலை. தலைமை வரைவாளர் சொன்னார், வைத்தேன். பாடம் எழுதியது நான் இல்லை. அதற்கும் எனக்கா திட்டு?

அது ஒரு படம், அப்பா. வழவழத் தாளில் வருகிற படம். அதில் இல்லாததால் யார் வீட்டுக் கூரையும் பறந்துவிடவில்லை. இங்கே நாள் முழுக்க முதுகு வளைத்து மைப்பேனாவால் கோடு இழுக்கிறேன். கை நடுங்கினால் முழுத் தாளும் போச்சு. அந்தக் கரை வளைவை மூன்று தடவை திரும்ப வரைந்தேன். அதற்கு நீங்கள் எழுதியது ஒரே ஒரு சபாஷ். பெட்டிக்கு ஒரு பக்கம்.

தெருவைக் கூட்டிக் காட்டச் சொன்னது யார்? என் பத்தாம் வகுப்பு மார்க்கையும் இப்படித்தான் பார்க்காமலே தெரு முழுக்கச் சொன்னீர்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. அத்தைக்கும்.

உங்கள் மகள்


பிப்ரவரி 2

மகளுக்கு,

யார் வீட்டுக் கூரையும் பறந்துவிடவில்லை என்று எழுதியிருந்தாய். பறப்பதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். கேள்.

நேற்று காலை துறைமுக இன்ஜினியர் ஒருத்தர் இரண்டு ஆட்களோடு வந்து, நம் தெரு முனையிலிருந்து கல்தூண் வரைக்கும் வெள்ளைக் குச்சி நட ஆரம்பித்தார். ஒரு குச்சி சரியாக உங்கம்மா துணி காயப்போடும் இடத்தில். நான் கையில் சுரண்டியோடு போய் "என்ன சார் விஷயம்?" என்றேன். வடக்கே பெரிய கப்பல் வருவதற்காக ஆழமாகத் தூர் வாரப் போகிறார்களாம். வாரிய சேற்றைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டினால் செலவாம். பக்கத்திலேயே காலி இடம் இருக்கிறதாம்.

"எந்தக் காலி இடம் சார்?"

"இதுதான்."

"இதுல நாங்க இருக்கோமே!"

அவர் மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். நீ வரைந்த படம். வழவழத் தாள்! அதைப் பார்த்தார், வீடுகளைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார். "மேப்புல எதுவும் இல்லையே" என்றார். ஏதோ வீடுகள் எல்லாம் சேர்ந்து அவரை ஏமாற்றிவிட்டது போல ஒரு பார்வை. கெட்ட ஆள் இல்லை, நல்ல ஆள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

ஐஸ் அத்தை ஐஸ் உடைக்கிற உளியோடு வந்துவிட்டாள். "தம்பி, நான் மேப்புல இல்லைதான். ஆனா உங்க கால் மேல நிக்கிறேன் பாருங்க." உண்மையாகவே மிதித்துக்கொண்டு நின்றாள். அவர் பாவம், "மேடம், காலு" என்றார்.

"வலிக்குதா? அப்ப இருக்கேன்ல?"

மார்ச் பன்னிரண்டில் துறைமுக மண்டபத்தில் விசாரணை. ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்லலாமாம். எங்களை மூட வருகிற சேற்றைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்க ஒரு மண்டபம்! நல்ல வேளை, கேட்டார்களே.

தெருவில் எல்லாரும் இப்போது என்னைப் பார்த்துச் சொல்கிறார்கள், "உன் பொண்ணு வெச்ச பெட்டி." மெதுவாகத்தான் சொல்கிறார்கள். பட்டறையில் என்னைத் துரு அண்ணன் என்பார்களே, அதையும் விட்டுவிட்டார்கள். இப்போது மரியாதையாக "என்னங்க" என்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

நீ வர வேண்டும். வந்து, பெட்டிக்கு அடியில் தெரு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வைத்தவள்தானே எடுக்க வேண்டும்?

அப்பா


பிப்ரவரி 10

அப்பா,

கடிதம் கிடைத்ததும் நேரே தலைமை வரைவாளரிடம் போனேன். "சார், அது புத்தகத்துக்குப் போட்ட படம். அதை வெச்சு இடம் தேர்ந்தெடுக்கலாமா?" என்றேன். கூடாதுதான் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துறைமுகம் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாம். பிறகு ஒன்று கேட்டார். "அன்னைக்கு நான் உன்னைத்தானே கேட்டேன்? நீதானே சொன்னே?"

அதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டியை எங்கே வைப்பது என்று பேசியபோது அவர் தெற்கு மூலையில் பென்சிலை வைத்து, "இங்க என்ன இருக்கு? நீ அந்தப் பக்கத்துப் பொண்ணுதானே" என்றார். நான் "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கில் தயாராக இருந்தது. ஏன் இருந்தது என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், எழுதிவிடுகிறேன். அது உங்கள் வசனம், அப்பா. நான் பள்ளிக்கூடம் போக அழுதால், "இங்க என்ன இருக்கு? ஒண்ணுமில்ல. படிச்சு வெளிய போ." யாராவது புதிதாக வந்தால், "நம்ம ஊருல என்ன சார் இருக்கு, சேறும் துருவும்." கேட்டுக் கேட்டு வளர்ந்தேன். எட்டாவது படித்தவர் சொன்னதைப் பட்டயம் படித்தவள் அப்படியே ஒப்பித்தேன். இப்போது என்னை மட்டும் கூண்டில் நிற்க வைக்கிறீர்கள்.

புது மேப் வரைகிறேன். ஆபீஸ் மேசையில் இல்லை, என் அறையில், சாப்பாட்டு மேசையில். கரை வளைவு என்னிடம் இருக்கிறது. தெரு இல்லை. வீடுகள், கல்தூண்கள், பட்டறை, ஐஸ் கொட்டகை, கிணறு, எது எதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து அனுப்புங்கள். குத்துமதிப்பு வேண்டாம். "கூப்பிடு தூரம்" என்று எழுதாதீர்கள். உங்கள் குரலுக்குக் கூப்பிடு தூரம் என்றால் வெளிக்கடல் வரைக்கும் போகும்.

மகள்


பிப்ரவரி 22

அன்புள்ள ஸ்கேலுக்கு,

அளவு எல்லாம் தனித்தாளில். முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கை ஓடாது.

ஒண்ணுமில்ல என்று சொன்னேன். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் யாரிடம் சொன்னேன், எதற்குச் சொன்னேன்? வீட்டுக்கு ஆள் வந்தால் உங்கம்மா என்ன சொல்லுவாள்? "வீட்டுல ஒண்ணுமில்ல, இருக்கறதைச் சாப்பிடுங்க" என்பாள். சொல்லிவிட்டு இலை கொள்ளாமல் பரிமாறுவாள். அதைக் கேட்டுவிட்டு வந்தவன், "ஓ, ஒண்ணுமில்லையா, அப்ப இந்தச் சமையலறையை இடிச்சிடலாம்" என்று கிளம்புவானா? ஒண்ணுமில்ல என்று வீட்டுக்காரன் சொல்லலாம். அது அடக்கம். அதையே அடுத்த வீட்டுக்காரன் சொன்னால் அது அபகரிப்பு! நீ இதில் எந்தப் பக்கம் நின்று சொன்னாய் என்பதுதான் என் கேள்வி.

இதை எழுதி முடித்து உங்கம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ வீட்டுக்காரி இல்லையா? அவளும் அடக்கமாச் சொன்னான்னு வெச்சுக்க வேண்டியதுதானே" என்றாள். அதனால் கோபத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி துறைமுகத்துக்கு. அதற்கு வாபஸ் கிடையாது.

இனி அளந்த கதை. பட்டறையில் மிதவையைக் கட்டுகிற சங்கிலி இருக்கிறதே, கண்ணி எல்லாம் ஒரே அளவு. அதைத்தான் எடுத்தேன். டேப் வாங்கலாமே என்றான் பக்கத்து வீட்டுக்காரன். டேப் காற்றில் ஆடும், சங்கிலி ஆடாது. ஆடாதது மட்டுமில்லை, நகரவும் நகராது என்று தூக்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு முனையில் நான், மறு முனையில் உங்கம்மா.

"இழுத்துப் பிடி!"

"நீங்க முதல்ல நேரா நில்லுங்க. உங்களைப் பாத்தா கோடே கோணும்."

பாதியில் தெருவே வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளாக என்னை "என்னங்க" என்றவனெல்லாம் "துரு அண்ணே, விடுங்க, நான் பிடிக்கிறேன்" என்றான். ஐஸ் அத்தை தன் கொட்டகையை ஒரு கண்ணி கூட்டி எழுதச் சொன்னாள். மறுத்துவிட்டேன். ஸ்கேலுக்கு அப்பன் நான். அப்படிச் செய்வேனா?

கல்தூண்களை அளந்தபோது ஒன்று பார்த்தேன். எல்லாம் ஒரே வரிசையில் இல்லை, மெல்ல வளைந்து போகின்றன. பழைய கரை அப்படித்தான் வளைந்திருக்க வேண்டும். இப்போது அந்த வளைவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சேறு. வடக்குச் சுவர் ஏற்கெனவே ஒரு தடவை எங்கள் மேல் கொட்டிய சேறு அது. இரண்டாவது தடவை கொட்டக் குச்சி நட்டிருக்கிறார்கள்.

மேப்பில் அந்த வளைவும் வர வேண்டும். புள்ளி போட்டாவது காட்டு.

அப்பா


மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

அளவு வந்தது. கண்ணிக் கணக்கை மீட்டருக்கு மாற்றி, பழைய கரையின் வளைவில் போட்டுப் பார்த்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள், கோடு கோணவில்லை.

தெரு வந்துவிட்டது. கிணறு, பட்டறை, ஐஸ் கொட்டகை எல்லாம். வாய்ப்பாடு படித்த தூணுக்கு மட்டும் மை கொஞ்சம் கூடிவிட்டது. கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பழைய சிக்கல். பெட்டி. அட்டையில் பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி மேப் முழுக்க நகர்த்தினேன். வைக்கிற இடத்தில் எல்லாம் யாரோ இருக்கிறார்கள். தாளும் அதே அளவில் இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். கடைசியில் முறைப்படியே போனேன். எங்கே வைத்தால் கூரை குறைவாக மறையும்? வடக்கே ஓர் இடம். தோட்டமும் டென்னிஸ் மைதானமும்தான் அதிகம், நடுநடுவே சில பங்களாக்கள். அதிகாரிகள் குடியிருப்பு. வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. கோபமும் இருந்தது என்பது வேறு.

தலைமை வரைவாளர் பார்த்தார். "கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். "ஆனா வேலை சுத்தம்" என்றும் சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி நானே எடுத்து வருகிறேன், அந்தத் தெருவில் பிறந்தவளாக. மத்தியானம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அரை நாளுக்கு மேல் லீவு தரவில்லை. மண்டபச் சுவரில் மாட்ட ஆணியும் சுத்தியலும் கொண்டு வாருங்கள். துரு இல்லாத ஆணியாக.

உங்கள் ஸ்கேல்


மார்ச் 14

அன்புள்ள ஸ்கேலுக்கு,

நீ பஸ்ஸுக்கு ஓடியதும் நடந்ததைக் கேள். உன்னை வைத்துக்கொண்டே நடந்திருக்கக் கூடாதா என்று இரண்டு நாளாகத் தெருவே அங்கலாய்க்கிறது.

விசாரணை நடத்தும் துறைமுகத் தலைவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கள் விஷயம் கடைசி. மேடைக்கு நான் போனேன். பேசுவதற்கென்று முந்தின நாளெல்லாம் மனப்பாடம் செய்தது மைக்கைப் பார்த்ததும் பறந்துவிட்டது. "ஐயா" என்றேன். மைக் "உய்ய்" என்றது. திரும்ப "ஐயா" என்றேன். அவ்வளவுதான் என் சொற்பொழிவு. கையைத் தூக்கி, சுவரில் நீ மாட்டிவிட்டுப் போன மேப்பைக் காட்டினேன்.

தலைவர் எழுந்து பக்கத்தில் வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். தெற்கைப் பார்க்கவே இல்லை. நேரே வடக்கே போனார். எல்லாரும் மேப்பைப் பார்த்தால் முதலில் சொந்த வீட்டைத்தான் தேடுவார்கள் போலிருக்கிறது.

"இதுல நம்ம குவார்ட்டர்ஸ் எங்க?"

இன்ஜினியர்தான் பதில் சொன்னார். அந்த நல்ல ஆள். "பெட்டிக்கு அடியில சார்."

"அடியிலன்னா? ஆளுங்க குடியிருக்கற இடம் அது! யாரைக் கேட்டு அங்க பெட்டி வெச்சாங்க?"

முகம் சிவந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து உன் அத்தை குரல் வந்தது. மைக்கே இல்லாமல்.

"அதையேதான் சார் நாங்களும் கேக்க வந்தோம்."

சிரிப்பு அடங்க நேரமானது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் கொண்டுபோன புத்தகத்தை வாங்கி, பழைய மேப்பையும் புதிதையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். தெற்கு மூலையை ஆள் வைத்து நேரில் அளக்காமல் ஒரு கூடை சேறுகூட விழக்கூடாது என்று எழுதச் சொன்னார். அளந்து பார்த்துக் குடியிருப்பு உண்டு என்றால் சேறு வெளிக்கடல் மிதவைக்கு அப்பால் போகும். செலவானால் ஆகட்டும் என்றார். நல்ல மனது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எங்கள் தெரு முழுக்கப் போகும் என்றபோது கோப்பில் ஒரு வரி. அவர் டென்னிஸ் மைதானம் காகிதத்தில் மறைந்ததும் மண்டபமே அதிர்ந்தது.

நேற்று இன்ஜினியர் ஆட்களோடு வந்து அளந்தார். நம் சங்கிலிக் கணக்கோடு ஒத்துப் போனதாம். போகும்போது குச்சிகளை அவரே பிடுங்கினார். ஒன்றை மட்டும் உங்கம்மா தரவில்லை. கொடி கட்டிவிட்டாள். இப்போது அதில் என் சட்டை காய்கிறது.

அப்பா


மார்ச் 23

அப்பா,

மெமோ வந்துவிட்டது. "அலுவலக அனுமதியின்றி வரைபடம் தயாரித்து, குடியிருப்புப் பகுதியொன்றை மறைத்த காரணத்துக்கு" விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தெற்கை மறைத்ததற்கு யாரும் மெமோ தரவில்லை. வடக்குக்கு வந்திருக்கிறது.

வேலை போகாது என்கிறார் தலைமை வரைவாளர். கொஞ்ச நாள் ஒரு மூலையில் உட்கார வைப்பார்களாம். பரவாயில்லை, மூலை எனக்குப் பழக்கம்தானே.

என்ன பதில் எழுதுவது? எழுதிய மூன்றையும் கிழித்துவிட்டேன். எல்லாம் சண்டையாக வருகிறது.

ஸ்கேல்


மார்ச் 29

அன்புள்ள ஸ்கேலுக்கு,

உன் மெமோவைத் தெருவில் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. உன் மார்க்கைச் சொன்னவன் மெமோவைச் சொல்லாமல் இருப்பேனா?

பட்டறை ஆட்கள் ஒரு பதில் சொன்னார்கள். அதைத் தபாலில் அனுப்ப முடியாது. ஐஸ் அத்தை, வந்து உன் தலைமை வரைவாளர் காலையும் ஒரு தடவை மிதிக்கட்டுமா என்று கேட்கச் சொன்னாள். நான் சொன்னது, "இடம் போதலைன்னா பெரிய தாள் குடுங்க, ஆளைக் குறைக்காதீங்கன்னு எழுது." இது நன்றாக இருப்பதாக எனக்கே பட்டது. இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது உங்கம்மா சொன்னதுதான். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

"மெமோ அனுப்பினவங்களை இங்க வரச் சொல்லி எழுதச் சொல்லுங்க. எங்க தெருவுல ஒண்ணுமில்ல, இருக்கறதைச் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு."

அவர்கள் வந்தால் நீயும் கூட வா. வராவிட்டாலும் வா.

அப்பா